தாழ் ஆக்சிசன் நிலையும் அழற்சிச் சமிக்ஞையும்

தாழ் ஆக்சிசன் நிலை என்பது உடல் திசுக்களுக்குத் தேவையான அளவு ஆக்சிசன் கிடைக்காத நிலையாகும். இது உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைப் பாதிப்பதோடு, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களையும் இயக்குகிறது. அழற்சியும் திசுக்களில் ஆக்சிசனைக் குறைக்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இத்தொடர்பு கொரோனா நுரையீரல் அழற்சியைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

உயிரணு உணரும் முறை

எச்.ஐ.எஃப்-1 என்னும் புரதத்தின் ஆல்ஃபா பகுதியை உயிரணு எப்போதும் உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிசன் போதுமான அளவில் இருந்தால், புரோலில் ஐதராக்சிலேசு நொதிகள் அப்பகுதியில் ஓர் ஐதராக்சில் அடையாளத்தை இடுகின்றன. அடையாளம் பெற்ற புரதம் சில நிமிடங்களில் சிதைக்கப்படுகிறது. இந்நொதிகள் வேலை செய்யவே ஆக்சிசன் தேவை. ஆகவே ஆக்சிசன் குறையும்போது அடையாளம் இடப்படுவதில்லை. புரதம் சேர்ந்து உட்கருவுக்குள் சென்று, குருதிச் சிவப்பணு உற்பத்தி, புதிய குருதிக்குழாய் வளர்ச்சி போன்றவற்றுக்கான மரபணுக்களை இயக்குகிறது. இம்முறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அழற்சியுடன் தொடர்பு

அழற்சியின் முதன்மைச் சாவியான என்.எஃப்-கப்பா பி புரதத்தையும் இதே நொதிகள் அடக்கி வைக்கின்றன. ஆக்சிசன் குறைந்தால் அப்பிடி தளர்ந்து, இன்டர்லியூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி முதலிய அழற்சிப் புரதங்கள் பெருகுகின்றன. என்.எஃப்-கப்பா பி, எச்.ஐ.எஃப்-1 உற்பத்தியையும் கூட்டுகிறது.

மறுபுறம், அழற்சி உள்ள இடத்தில் திரளும் வெள்ளணுக்கள் ஆக்சிசனை விரைவாகச் செலவழிக்கின்றன. வீக்கத்தால் நுண்குழாய்களுக்கும் உயிரணுக்களுக்கும் இடையிலான தொலைவு கூடுகிறது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் தாழ் ஆக்சிசனில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் உயிர்வாழ்கின்றன. இது கிருமிகளை அழிக்க உதவினாலும், நீடித்தால் திசுவுக்கே கேடாகிறது. அதே வேளையில், தாழ் ஆக்சிசனில் பெருகும் அடினோசின் அழற்சியைத் தணிக்கும் தடையாகவும் செயல்படுகிறது.

கொரோனா காலத்தில்

2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் தமிழ்நாட்டில் மருத்துவ ஆக்சிசனின் தேவை பெருமளவு உயர்ந்தது. ஆக்சிசன் உற்பத்திக்காக மட்டும் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை இயக்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் அனுமதித்தது. நுரையீரலின் காற்றுப் பைகளில் அழற்சி நீர் கோத்ததால் ஆக்சிசன் குருதியில் கலப்பது தடைப்பட்டது. சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிசன் அளவு இறங்கியது. அதனால் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீடுகளிலும் பயன்பட்டது. இக்கருவி குருதியின் ஈமோகுளோபினில் உள்ள ஆக்சிசன் செறிவை மட்டுமே காட்டும். திசுக்களின் நிலையைக் காட்டாது.

பிரித்தானியாவின் ரெக்கவரி ஆய்வில் (2020), அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிசன் மட்டும் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தெரியவில்லை. எனவே இலேசான காய்ச்சல் நிலையிலேயே இம்மருந்தைத் தாமாக உட்கொள்வது பொருத்தமன்று. ஆக்சிசன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும் என்பதே அக்காலத்தில் பொதுமக்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை.