ரீல்ஸ் டிசைன் முடிச்சூர் வீட்டுக்கு செட் ஆகுமா? வெள்ளம், ஓதம், வெயில் தாங்கும் இன்டீரியர் ஐடியாக்கள்

கைப்பிடியே தெரியாத மாடுலர் கிச்சன், மஞ்சள் வெளிச்சம் வழியும் ஃபால்ஸ் சீலிங், தரையோடு ஒட்டிய ஜப்பான் ஸ்டைல் கட்டில். இன்ஸ்டாகிராமில் இதையெல்லாம் பார்க்கும்போது, ‘நம்ம வீட்டையும் இப்படி மாத்தினா என்ன?’ என்று தோன்றாதவர்கள் குறைவு. தாராளமாக மாற்றலாம். ஆனால், தாம்பரம் பக்கம் வீடு என்றால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் இதில் எது மிஞ்சும்?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. சென்னைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். அடையாறு பெருக்கெடுத்ததில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே கதை. லட்சங்களில் செலவழித்து இன்டீரியர் செய்யும் குடும்பங்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

ஏன் உப்பிப்போகிறது?

பட்ஜெட் மாடுலர் கிச்சன், ரெடிமேட் வார்ட்ரோப் பலவற்றின் உள்ளே இருப்பது எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு. மர இழையையும் மரத்தூளையும் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகைகள் இவை. மேலே ஒட்டிய லேமினேட் பளபளப்பாக இருந்தாலும், ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பலகை உப்பிவிடும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. ஸ்க்ரூவும் பிடிக்காது. இதற்கு வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை, சிங்க் அடியில் ஒரு சின்ன லீக் போதும்.

கிச்சன்: கடப்பா கல்லை உடைக்காதீங்க

பழைய வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள் இருக்கும். ‘ஓல்டு ஃபேஷன்’ என்று அதை இடித்துவிட்டு போர்டு பெட்டிகளை வைப்பதுதான் இப்போதைய வழக்கம். கல் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் அலுமினியம் ஃப்ரேம் போட்டு பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. கதவுகளை மாட்டினால் பார்வைக்கு மாடுலர் லுக் கிடைத்துவிடும். தண்ணீர் வந்தாலும் கழுவி விட்டால் போதும், செலவும் குறையும். பி.வி.சி. சூட்டில் நெகிழும் என்பதால் அடுப்பை ஒட்டி மட்டும் வேண்டாம்.

மேல் அலமாரிக்கு உங்கள் ஆசைப்படி மரம், கண்ணாடி, பிடித்த கலர் எதுவும் ஓகே. மரப்பலகைதான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டைக் கேட்டு வாங்கலாம். ஈரத்தை இது நன்றாகவே தாங்கும். ஆனால் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றால் இதுவும் பாதிக்கப்படலாம்.

பாக்ஸ் கட்டிலில் பத்திரம் வேண்டாம்

இடம் மிச்சம் என்று பாக்ஸ் கட்டில் வாங்கி, பட்டுப்புடவை முதல் வீட்டுப் பத்திரம் வரை அதற்குள்ளேயே வைப்பவர்கள் உண்டு. வெள்ளத்தில் முதலில் நனைவது அதுதான். தரைத்தளத்தில் கால் வைத்த தேக்கு அல்லது இரும்புக் கட்டிலே பாதுகாப்பு. இப்போது டிரெண்டில் இருக்கும் பிரம்பு நாற்காலிகளும் நல்ல சாய்ஸ். எடை குறைவு, மழை வலுத்தால் சட்டென்று மாடிக்குத் தூக்கிவிடலாம். ஆவணங்களுக்குச் சரியான இடம் பாட்டி காலத்துப் பரண்தான்.

தரை: மர லுக், டைல்ஸ் விலை

லேமினேட் மரத்தரை ஈரத்தில் உப்பும். அதே மர வரிகளுடன் வரும் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால் அந்தக் கவலை இல்லை. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடி டைல்ஸுக்கும் இப்போது மவுசு அதிகம். கையால் செய்யும் இந்த சிமென்ட் கற்களை வீடு முழுக்கப் பதிக்க பட்ஜெட் இடிக்கிறது என்றால், பூஜையறை அல்லது ஹால் நடுவில் ஒரு கம்பளம் அளவுக்குப் பதிக்கலாம். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் தேவையா?

பல வீடுகளில் அறையின் உயரம் 10 அடிதான். ஃபால்ஸ் சீலிங் அரை அடியை எடுத்துக்கொண்டால் ஃபேனும் கீழே இறங்கும். மேல்தளத்தில் இன்னொரு சிக்கல், மொட்டை மாடி விரிசலில் இறங்கும் தண்ணீர் வெளியே தெரியாமல் ஜிப்சம் போர்டை ஊறவைத்துவிடும். எனவே முதல் செலவு மாடிக்கு: விரிசலை அடைத்து, தட்டோடு அல்லது வெள்ளை கூலிங் பெயின்ட். வெயிலின் சூடும் குறையும். அறைக்குள் மஞ்சள் வெளிச்சம்தான் ஆசை என்றால், சுவர் ஓரமாக எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினாலே போதும்.

வாடகை வீடா?

ஒட்டிப் பிரிக்கும் வால்பேப்பரை ஓதம் ஏறிய சுவரில் ஒட்டினால், உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும். திரைச்சீலை, ஸ்டாண்டு விளக்கு, செடிகள், பத்தமடைப் பாய் எல்லாம் வீடு மாறும்போது கூடவே வரும். பீரோ, வார்ட்ரோபை சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன்…

* ‘லேமினேட்டுக்கு உள்ளே என்ன போர்டு?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.
* தரைத்தளத்தில் பிளக் பாயின்ட்களை மேலே ஏற்றுங்கள். கீழே இருப்பவற்றுக்குத் தனி எம்.சி.பி. வையுங்கள்.
* ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு உயரமான ஸ்டாண்டு அல்லது செங்கல் மேடை அமையுங்கள்.
* கடைசியாகத் தண்ணீர் ஏறிய உயரத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

அந்தக் கோட்டுக்குக் கீழே கல், டைல்ஸ், இரும்பு. மேலே ரீல்ஸில் பார்த்த எந்த டிசைனும் உங்கள் இஷ்டம்.