திடீர் அடுக்குமண்டல வெப்பமேற்றம்

திடீர் அடுக்குமண்டல வெப்பமேற்றம் என்பது, குளிர்காலத்தில் துருவப் பகுதியின் மேலுள்ள அடுக்குமண்டலத்தின் வெப்பநிலை சில நாட்களுக்குள் 50 பாகை செல்சியஸ் வரை உயரும் நிகழ்வு ஆகும். மேலே தோன்றும் இவ்வெப்பம், கீழே நிலப்பரப்பில் கடுங்குளிர் ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஜெர்மானிய வானிலையியலாளர் ரிச்சர்ட் ஷெர்ஹாக் 1952 ஆம் ஆண்டில், பெர்லினில் பலூன்கள் மூலம் பெற்ற அளவீடுகளிலிருந்து இதனைக் கண்டறிந்தார்.

துருவச் சுழல்

குளிர்காலத்தில் துருவப் பகுதி சூரிய ஒளி பெறுவதில்லை. ஆகவே அங்குள்ள அடுக்குமண்டலம் மிகவும் குளிர்ந்து, அதனைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக வலிமையான காற்று வீசுகிறது. இது துருவச் சுழல் எனப்படும். குளிர்ந்த காற்றைத் துருவத்தை ஒட்டி அடைத்து வைக்கும் வேலி போல இது அமைகிறது.

ஆற்றல் மேலேறும் முறை

இமயமலை, ராக்கி மலைத்தொடர் போன்ற உயர்ந்த மலைகளும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையேயான வெப்ப வேறுபாடும் காற்றோட்டத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளைத் தோற்றுவிக்கின்றன. இவை கோள் அலைகள் எனப்படும். குளிர்காலத்து மேற்குக் காற்றின் ஊடாக இவை அடுக்குமண்டலம் வரை மேலேறி, அங்கே உடைந்து சுழலின் வேகத்தைக் குறைக்கின்றன. அப்போது துருவத்தின் மேல் காற்று கீழிறங்கி, அமுக்கப்பட்டு வெப்பமடைகிறது. இவ்விளக்கத்தை ஜப்பானிய அறிவியலாளர் தாரோ மட்சுனோ 1971 இல் முன்வைத்தார்.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், 60 பாகை அகலாங்கில் வீசும் காற்று திசை மாறினால் அது பெரும் வெப்பமேற்றம் எனக் கொள்ளப்படும். வட அரைக்கோளத்தில் இது பத்தாண்டுகளில் சராசரியாக ஆறு முறை நிகழ்கிறது. மலைகளும் நிலப்பரப்பும் குறைந்த தென் அரைக்கோளத்தில் இது மிக அரிது. அங்கு 2002 செப்டம்பரில் ஒன்று பதிவானது.

குளிர்கால வானிலையில் தாக்கம்

சுழலின் தளர்ச்சி அடுத்த சில வாரங்களில் படிப்படியாகக் கீழிறங்குகிறது. ஜெட் காற்றோட்டம் தெற்கு நோக்கி நகர, ஆர்க்டிக் குளிர்காற்று தெற்கே பரவுகிறது. 2018 பிப்ரவரி 12 அன்று சுழல் உடைந்ததைத் தொடர்ந்து, அம்மாத இறுதியில் சைபீரியக் குளிர்காற்று ஐரோப்பாவில் புகுந்தது. ரோம் நகரில் பனி பொழிந்தது. பிரித்தானியாவில் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

முன்கணிப்பு

வழக்கமான வானிலைக் கணிப்பு ஏறத்தாழ பத்து நாட்களுக்கே நம்பத்தக்கது. வெப்பமேற்றமோ பல வாரங்களுக்கு முன்பே குளிருக்கான அறிகுறியைத் தருவதால், எரிபொருள் இருப்பு, மருத்துவ ஏற்பாடு ஆகியவற்றைத் திட்டமிட உதவுகிறது. எனினும் எல்லா வெப்பமேற்றங்களும் நிலப்பரப்பில் கடுங்குளிரை உண்டாக்குவதில்லை. ஆகவே இது உறுதியான முன்னறிவிப்பு அன்று. வாய்ப்பைச் சுட்டும் அடையாளம் மட்டுமே.