வெள்ளைப்படுதலா? சோப்பு போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

‘உடம்பு சூடு, வெந்தயம் சாப்பிடு.’ ‘சோப்பு போட்டு நல்லா கழுவு.’ நெய்வேலி பக்கத்து காடாம்புலியூரோ, சென்னை ஐ.டி. விடுதியோ, வெள்ளைப்படுதல் என்றதும் பெண்களுக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுதான். ஆனால் உள்ளே வரை கழுவுவது, காவல்காரரையே வெளியே துரத்துவது மாதிரி.

யார் அந்தக் காவல்காரர்?

லாக்டோபேசில்லஸ். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களின் சொந்தக்காரர். பெண்ணுறுப்பில் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பி.எச். அளவை 4.5-க்குக் கீழே வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகளால் தலைதூக்க முடியாது.

குறைந்தால் என்ன ஆகும்?

கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகும். இதுதான் ‘பாக்டீரியல் வஜினோசிஸ்’. சாம்பல் நிறத்தில் வெள்ளைப்படும், மீன் வாடை வரும். பலருக்கு அறிகுறியே இருக்காது. ‘சுத்தமில்லாதவள்’ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த நிலையில் எச்.ஐ.வி., ஹெர்பிஸ், கொனோரியா, கிளமிடியா தொற்றும் ஆபத்து கூடுகிறது. 2005-06-ல் மைசூருவில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில், கிட்டத்தட்ட 5-ல் ஒருவருக்கு வஜினோசிஸ் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் உம்லாசியில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், லாக்டோபேசில்லஸ் குறைந்து பலவகை பாக்டீரியாக்கள் நிறைந்திருந்த பெண்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்து 4 மடங்குக்கும் மேல் இருந்தது.

என்ன செய்யலாம்?

* வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம்.
* மெடிக்கலில் கேட்டு மாத்திரை போடாதீங்க. வஜினோசிஸுக்கு ஒரு மருந்து, பூஞ்சைத் தொற்றுக்கு வேறு மருந்து.
* நல்ல பாக்டீரியா இருந்தாலும் அது ஆணுறைக்கு மாற்று இல்லை.
* திரும்பத் திரும்ப வருகிறதா? கணவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்க. 2025-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஆணுக்கும் சேர்த்து சிகிச்சை தந்தபோது, 12 வாரங்களில் மறுபடி வருவது 63 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுக்கான சிகிச்சை இலவசம். ‘தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோ’ என்று தயக்கமா? 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.