டிரைவர் மேல் விழும் பழி

தொண்ணூறுகளில் மவுஸ் வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு ஃப்ளாப்பியும் இருக்கும். அதிலுள்ள டிரைவரைப் போடாவிட்டால் அப்படியொரு பொருள் இருப்பதே டாஸுக்குத் தெரியாது. ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, மெஷினை அணைத்துப் போட வேண்டும். அப்புறமும் நிம்மதி கிடையாது. மவுஸ் காம்-1 போர்ட்டில் இருக்கும். இன்டர்நெட்டுக்கென்று வாங்கிய மோடம் காம்-3-ல் உட்காரும். இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4 என்ற ஒரே தடம். மோடம் கீச்சிட்டு டயல் செய்ய ஆரம்பித்ததும் மவுஸ் நின்றுவிடும். கேபினெட்டைக் கழற்றி, மோடம் கார்டில் அரிசி அளவு ஜம்பரைப் பிடுங்கி வேறு ஊசிகளில் செருகினால்தான் வழிக்கு வரும். எரிச்சல்தான். ஆனால் கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது, தேடினால் கிடைத்தது.

1991-லேயே லாஜிடெக் ரேடியோ மவுஸை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பின்னால் பரவலான 27 மெகாஹெர்ட்ஸ் மவுஸ்களின் ரிசீவருக்கே ஒரு முழ வயர் இருக்கும். ஒயர்லெஸ் என்று எந்த தைரியத்தில் பெயர் வைத்தார்களோ!

இன்று சாதாரண யூஎஸ்பி மவுஸுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. நக அளவு ரிசீவரைச் செருகினால் போதும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த ரிசீவர்தான் மவுஸ். கையிலிருப்பது செல் தீர்ந்து கிடந்தாலும் டிவைஸ் மேனேஜர், சாதனம் ஒழுங்காக இயங்குகிறது என்றே சொல்லும். பொய்யில்லை, அது ரிசீவரைப் பற்றிப் பேசுகிறது. இது தெரியாமல் டிரைவரை நீக்குவதும் மறுபடி போடுவதுமாக ஒரு சாயங்காலமே போய்விடும்.

அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தால் ரிசீவருக்குப் பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ வேலை செய்யும்போது கிளம்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவும். மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. ரிசீவரைத் தள்ளியுள்ள போர்ட்டுக்கு மாற்றலாம். இல்லை, சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு மவுஸுக்குப் பக்கத்தில் வைக்கலாம். சும்மா விட்டுவிட்டு வந்தால் மவுஸ் தூங்கி வழிகிறதா? டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற இடத்திலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

டிரைவர் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தகராறு வந்தால் டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும், அது தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும். கூடுதல் பட்டன்கள் வேண்டுமென்றால் மட்டும் கம்பெனியின் மென்பொருளைத் தேட வேண்டும். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் அடங்கிய சமாச்சாரம் இன்று சிலவற்றில் நூறு எம்பியைத் தாண்டுகிறது, அக்கவுண்ட் திறக்கவும் சொல்கிறது. உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழசு என்று சிவப்பில் மிரட்டி, சரிசெய்யப் பணம் கேட்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றுக்குக் கார்டு நம்பர் கொடுப்பதற்கு முன் கடையில் ஒரு டபுள்-ஏ செல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.