சீனன்குடாவில் காத்திருந்த விமானம்

திருக்கோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் கோணேசர் கோயிலையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும், பிரடெரிக் கோட்டையையும் போற்றிவிட்டுத் துறைமுகத்தின் அழகிலே இளைப்பாறுவது வழக்கம். சீனன்குடாவுக்கு வந்து சேருவோர் அரியர். அங்கே போற்றுவதற்கு என்ன இருக்கிறது? காட்டினுள்ளே மறைந்து கிடக்கும் நூறளவான எண்ணெய்த் தாங்கிகள், ஒரு மாவாலை, ஒரு சீமெந்துத் தொழிற்சாலை, சிறியதொரு ரயில் நிலையம், குடாவின் நீர்விளிம்பை நோக்கி ஓடும் ஒரு விமான ஓடுபாதை. அந்த ஓடுபாதையின் அருகே, 2021 பெப்ரவரி முதல் இரண்டாண்டும் நான்கு மாதமும் ஒரு சிறு விமானம் இயந்திரமின்றி நின்றது. அதன் பராமரிப்புக்குப் பொறுப்பாயிருந்தவன் நான். அது அவ்வளவு காலம் நின்றதன் காரணத்தை, இயந்திரங்களோடு பழக்கமில்லாத நேயர்களுக்கும் விளங்கும்படி கூறலாம் என்று நினைக்கிறேன்.

சீனன்குடா விமான இயந்திரங்களுக்குப் புதிய இடமன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கியபோது, அவற்றை எதிர்த்துச் சென்ற 261 ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தது இத்தளத்திலிருந்துதான். எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றிப் பல நாட்கள் எரிந்தது. அன்றே, துறைமுகத்தை விட்டு அகன்றிருந்த 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன் மேற்றளத்தில் ஒரு விமானமுமின்றி, மட்டக்களப்புக் கடலில் 307 பேருடன் அமிழ்ந்தது. இவை நூல்களில் உள்ளவை. நூல்களில் அதிகம் பேசப்படாதது வேறொன்று. அந்த ஹரிக்கேன்களின் மேர்லின் இயந்திரங்களைத் துடைத்தும் முடுக்கியும் வைத்த கைகள், ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டன. படிவம் 700 என்பது அதன் பெயர். இயந்திரக்காரன் ஒப்பமிட்ட பின்னரே விமானி ஒப்பமிடுவார். விமானி ஒப்பமிட்ட பின்னரே சக்கரத்தின் தடைக்கட்டை அகற்றப்படும்.

என் தந்தையார் 1950களின் முற்பகுதியில், பிரித்தானியர் இத்தளங்களைக் கையளித்துச் சென்ற 1957 க்கு முன்பு, சீனன்குடாவில் கைவேலையாளாகக் கூலிக்கு நின்றவர். படிவம் 700 இல் ஒப்பமிடும் தகுதி அவருக்கு இருக்கவில்லை. ஒப்பமிடுவோருக்கு விளக்குப் பிடித்தவர் அவர். ஆனாலும் வீட்டிலே ஒரு சைக்கிள் சில்லைக் கழற்றிப் பூட்டினாற்கூட, "யார் கடைசியாக முடுக்கினது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பழகியே நான் இத்தொழிலுக்கு வந்தேன் எனலாம்.

நிற்க. நான் சொல்ல வந்த விமானம் நான்கு பேர் அமரக்கூடிய, ஒற்றை இயந்திரமுடைய செஸ்னா. இரத்மலானையில் இயங்கிய ஒரு சிறு பறப்புப் பயிற்சிப் பள்ளிக்கு உரியது. அதன் இயந்திரம் லைக்கமிங் 360 இனத்தைச் சேர்ந்தது, நான்கு சிலிண்டர், 180 குதிரைவலு. பெருந்தொற்றுக் காலமாகிய 2020 இல் அது மாதக்கணக்கில் பறக்காமற் கிடந்தது. ஓடித் தேய்வதிலும் ஓடாமல் துருப்பிடிப்பதே இவ்வியந்திரத்துக்குப் பெரும் பகை. ஏனெனில் வால்வுகளை இயக்கும் காம்தண்டு இதன் உள்ளே உயரத்தில் அமைந்தது. இயந்திரம் நின்றதும் அதன் மீதுள்ள எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். உப்புக் காற்று வீசும் கரையோரத்திலே, எண்ணெய்ப் போர்வையிழந்த உருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நுண்ணிய குழிகள் தோன்றும். மீண்டும் ஓடத் தொடங்கியதும் அக்குழிகளின் ஓரங்கள் செதில் செதிலாக உரியும்.

2021 பெப்ரவரியில் மாணவன் ஒருவனும் பயிற்றாசிரியரும் சீனன்குடாவில் வந்து இறங்கியபோது இயந்திரம் முரட்டுத்தனமாக ஓடுவதாகக் கூறினர். நான் ரயிலேறி வந்து எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, அதன் ஓட்டை வெட்டி, உள்ளிருந்த மடிப்புத் தாளை விரித்துப் பார்த்தேன். தவிட்டைத் தூவியது போல மினுங்கும் துகள்கள். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. உருக்கு! அதன் பின்னர் விவாதத்துக்கு இடமில்லை. விமானப்படையினரின் அநுமதியைப் பெற்று விமானத்தை ஓரமாக ஒதுக்கி, பாரந்தூக்கியை உள்ளே கொண்டுவருவதற்கு வேறோர் அநுமதியும் பெற்று, இயந்திரத்தை இறக்கிப் பெட்டியிலிட்டு, கடல்கடந்த நாடொன்றிலுள்ள ஓர் ஓவரோல் பட்டறைக்கு அனுப்பினோம். பதினான்கு வாரத்தில் திருப்பித் தருவதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். பாதிப் பணம் முன்னதாகவே செலுத்தப்பட்டது.

ஓவரோல் என்பது யாது? பலர் நினைப்பது போல் அது பழையதைப் புதியதாக்குவதன்று. முற்றாகப் பிரித்து, கழுவி, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, உருக்குறுப்புகளைக் காந்தமேற்றி விரிசல் தேடி, தேறாதவற்றை மாற்றி, மீளப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது. அளவு விஷயத்திலும் இரு நிலைகள் உண்டு. புதிய உறுப்புக்குரிய அளவு ஒன்று. இன்னும் பாவிக்கலாம் என்னும் எல்லையளவு மற்றொன்று. இரண்டில் எதன்படி செய்தாலும் பெயர் ஓவரோல்தான். 'பூச்சிய மணி' என்று இயந்திரத்துக்குப் புதுப்பிறவி கொடுக்கும் உரிமை, அமெரிக்க விதியின்படி, அதனைச் செய்த கம்பனிக்கும் அக்கம்பனி அங்கீகரித்த நிலையத்துக்கும் மட்டுமே உண்டு.

இவ்வேலையின் நுட்பம் வியப்புக்குரியது. இயந்திரத்தின் இரு பாதிக் கவசங்களையும் ஒன்றோடொன்று பொருத்தும்போது, எண்ணெய் கசியாதபடி இடையிலே வைக்கப்படுவது என்ன தெரியுமா? மெல்லிய பட்டு நூல்! மணவறைக்குரிய பட்டு, 2000 மணி நேரம் பறக்க வேண்டிய இயந்திரத்தின் விளிம்பிலும் கிடக்கிறது. அந்த நூல் ஒழுங்காக வைக்கப்பட்டதா, ஆணிகள் விதித்த அளவுக்கு முடுக்கப்பட்டனவா என்பதை, வர்ணம் பூசிப் பெட்டியில் வரும் இயந்திரத்தைப் பார்த்து எவராலும் கண்டுகொள்ள முடியாது. பட்டறையிடம் நாம் விலைக்கு வாங்குவது நம் கண்ணால் காணவே முடியாத ஒரு வேலையை. அதற்குக் கிடைக்கும் ஒரே சாட்சி கடதாசி.

பதினான்கு வாரம் கழிந்தது. கடிதம் எழுதினோம், பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் இனிய குரலுடைய ஒரு பெண், உரியவர் வெளியே சென்றிருக்கிறார் என்பார். உரியவர் எப்போதும் வெளியேதான் சென்றிருந்தார். தாமதத்தை நான் குறை கூறேன். அந்த ஆண்டுகளில் உலகெங்கும் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சம். ஒரு சிலிண்டருக்கு மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவொண்ணாதிருந்தது மௌனமே. 'தாமதமாகும்' என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்த உதிரிப்பாகம் வேண்டும்?

2021 டிசெம்பரில் அந்த ஒரு வரி வந்தது. கூடவே ஒரு கணக்கும் வந்தது. எங்கள் கிராங்தண்டு அளவிலே தேறவில்லை. வேறொன்று பூட்ட வேண்டும். மீதியாக 14,000 டொலர் அனுப்புக. அன்றைய மாற்று விகிதத்தில் அது 28 இலட்சம் ரூபா. பள்ளிக்காரர் கடன் தேடத் தொடங்கினார். அதற்குள் 2022 பிறந்தது. மார்ச்சில் ரூபாவின் பெறுமதி அவிழ்த்துவிடப்பட்டது; ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது; மே மாதத்தில் ஒரு டொலருக்கு 360 ரூபா. அதே 14,000 டொலர் 50 இலட்சத்தைத் தாண்டியது. பணம் இருந்தாலும் வங்கியில் டொலர் இல்லை. சொன்ன பதினான்கு வாரத்தில், வேண்டாம், அந்த ஆண்டின் தீபாவளிக்காவது அந்தக் கணக்கு வந்திருந்தால் இத்துன்பம் எங்களுக்கு நேர்ந்திராது. மாணவர் பலர் பணத்தைத் திருப்பிக் கேட்டு விலகினர். பறப்பு மணி போதாமல் அநுமதிப்பத்திரம் பெற முடியாத ஒருவன் கட்டார் நாட்டுக்குக் களஞ்சிய வேலைக்குப் போனான்.

அக்காலத்தில் பெற்றோல் கிடையாமையால் நான் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவுத் தபால் ரயிலில் வந்து விமானத்தைப் பார்த்துப் போவேன். மழையுறையை மாற்றுவேன், குளவி கூடு கட்டாதபடி துவாரங்களை அடைப்பேன். தளத்தருகே கூலி வேலை செய்த கிண்ணியா முதியவர் ஒருவர், என்னைக் காணும்போதெல்லாம் தவறாமற் கேட்பார்:

"எப்ப சேர் இதுக்கு எஞ்சின் வரப் போகுது?"

"வரும் நானா, வரும்."

"போன பெருநாளைக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

2022 நவம்பரில் இயந்திரம் வந்தது. பெட்டியைத் திறந்தபோது கண்ணைப் பறிக்கும் வர்ணம். உடன் வந்த ஆவணக் கட்டு எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்திலும் தடித்தது. சுழலியைப் பூட்டுவதற்கு முன்பாகக் கிராங்தண்டின் முகப்பு விளிம்பைத் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்ணைச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. இன்னொருமுறை துடைத்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தேன். கடைசி மூன்று இலக்கங்களும் வேறு.

ஓர் எண் மாறினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். 2002 முதற் சில ஆண்டுகளாக லைக்கமிங் இயந்திரங்கள் சிலவற்றின் கிராங்தண்டுகள் பறப்பிலேயே முறிந்தன. உருக்கின் கோளாறு என்றது கம்பனி. வார்த்தடித்தவர்களோ, கம்பனி சேர்க்கச் சொன்ன வனேடியமே காரணமென்றார்கள். வழக்கு ஒருபுறம் கிடக்க, அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரம் எண் எண்ணாகப் பட்டியலிட்டு, அத்தண்டுகளை அகற்றும்படி கட்டளையிட்டது. ஒரே அச்சில் ஒரே நாளிற் பிறந்தவை போலத் தோன்றும் இரு தண்டுகளில், ஒன்று பறக்கலாம், மற்றது கூடாது. வேறுபாட்டைச் சொல்வது அந்த எண் மட்டுமே. 1989 செப்டெம்பர் 8 இல் ஒஸ்லோவிலிருந்து ஹம்பேர்க் சென்ற பார்ட்னெயார் விமானம் டென்மார்க்குக்கு அப்பால் கடலில் விழுந்து 55 பேரும் மாண்டபோது, வாற்பகுதியைத் தாங்கிய ஆணிகளுட் சில போலி என்று விசாரணையிலே தெரிந்தது. 2023 இலும், ஏ.ஓ.ஜீ. ரெக்னிக்ஸ் என்ற இலண்டன் வியாபார நிலையம் போலிச் சான்றிதழ்களுடன் விற்ற உறுப்புகள், பெரிய ஜெற் விமானங்களின் இயந்திரங்களிலே புகுந்திருந்தமை வெளியாயிற்று. இவை நடுங்க வைப்பதற்காகச் சொல்லப்படும் கதைகளல்ல. எங்கள் தொழிலில் எண்ணும் உலோகமே.

பட்டறைக்கு எழுதினேன். இம்முறை இரண்டே நாளில் பதில்: தட்டச்சுப் பிழை, நீங்களே திருத்திக்கொள்ளலாம்! பள்ளிக்காரர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர், வீட்டை ஈடு வைத்திருந்தார்.

"அண்ணை, பிழையெண்டு அவங்களே எழுதித் தந்திட்டாங்கள். ஒரு கையெழுத்து. பூட்டி விடுங்கோவன்."

"தம்பி, அது பிழையெண்டால் சரியான எண்ணுக்குரிய சோதனைக் கடதாசி எங்கை? அதை அனுப்பச் சொல்லும். இண்டைக்கே போடுறன்."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்து தொலைபேசியை வைத்தார். அவரிடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆறு மாதம் அவரும் நானும் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குச் சம்பளமும் அக்காலத்தில் ஒழுங்காக வரவில்லை என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். தண்டின் எண் கட்டளைப் பட்டியலில் இல்லை என்பதை நான் சரிபார்த்துக்கொண்டேன். ஆனால் அதனைக் காந்தமேற்றி விரிசல் பார்த்தார்களா, யார் பார்த்தார், எந்நாளில் பார்த்தார் என்பதற்கு ஒரு வரிச் சாட்சியும் இல்லை. சாட்சியில்லாத தண்டு, சட்டத்தின் கண்ணில் பழைய இரும்பு.

பல கடிதங்களின் பின்னர், அந்நாட்டு அதிகாரிகளுக்கு முறையிடப் போவதாகப் பள்ளிக்காரர் எழுதிய பின்னர், 2023 மே மாதத்தில் உண்மை வந்தது. ஒரே வேளையில் இரண்டு இயந்திரங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்திருக்கின்றன. தண்டுகள் இரண்டும் முறைப்படி சோதிக்கப்பட்டவையே. பூட்டும்போது இடம் மாறிவிட்டன. எங்கள் இயந்திரத்தில் இருந்த தண்டின் உண்மையான சோதனைப் பத்திரத்தையும் அனுப்பியிருந்தார்கள். திகதி, ஒப்பம், முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஜூன் மாதம் இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிப் பார்த்து ஒப்பமிட்டேன். முதற் பறப்பில் நானும் விமானியின் அருகே அமர்ந்து சென்றேன். குடாவையும் தம்பலகாமத்து வயல்களையும் இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கினோம். கிண்ணியா முதியவர் வேலிக்கு வெளியே நின்று கையசைத்தார். அதே ஓகஸ்ட் 7 ஆம் திகதி, அதே ஓடுபாதையிலிருந்து எழுந்த விமானப்படையின் பீ.ரி.-6 பயிற்சி விமானம் சிறிது நேரத்திலேயே விழுந்து இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். செய்தியைக் கேட்டதும் பள்ளிக்காரர் என்னை அழைத்தார். சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் ஒரு விஷயம் மிஞ்சி நிற்கிறது. எங்கள் சான்றிதழில் எழுதப்பட்டிருந்த எண்ணுடைய தண்டு மற்ற மேசையிலிருந்த இயந்திரத்தில் பூட்டப்பட்டு, வேறேதோ நாட்டிலுள்ள ஒருவருக்குப் போயிருக்கிறது. அவரிடமுள்ள கடதாசி எங்கள் தண்டினுடையது. முகப்பு விளிம்பைத் துடைத்துப் பாராமலே அவ்விடத்துப் பொறியியலாளர் ஒப்பமிட்டிருக்க வேண்டும். அவருக்கு இதனை அறிவித்தீர்களா என்று கேட்டு, பட்டறைக்கு 2023 ஜூலையிலும் அதன் பின்னர் இருமுறையும் எழுதினேன். தொலைபேசியை எடுத்த அந்த இனிய குரலுடைய பெண், உரியவர் வெளியே சென்றிருக்கிறார் என்றார்.