டி.பி.எஃப் அடைத்தால் கழற்றி எறியலாமா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் டீசல் கார், ஜீப், பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அண்மைக்காலமாக ஒரு தலைவலி. வண்டி வாங்கி இரண்டு, மூன்று வருடங்கள்கூட ஆகியிருக்காது. டேஷ்போர்டில் டி.பி.எஃப் விளக்கு எரியும், இழுவை குறையும். ஷோரூமில் புது ஃபில்டருக்குச் சொல்லும் விலை மலைக்க வைக்கும். வெளியே உள்ள பட்டறையிலோ, ‘கழற்றிடலாம், அப்புறம் தொல்லையே இருக்காது’ என்பார்கள். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், குறைந்த செலவில் முடியும் வழியைத்தான் மனம் நாடும். ஆனால், அந்த வழி பிறகு அதிகச் செலவு வைக்கும்.

ஃபில்டர் செய்யும் வேலை

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்-6 விதி அமலில் இருக்கிறது. பி.எஸ்-4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகளை வெளியிடலாம். பி.எஸ்-6 வண்டிக்கு 4.5 மில்லிகிராம்தான். இந்த அளவுக்குக் குறைக்கத்தான் சைலன்ஸர் குழாயில் தேன்கூடு போன்ற பீங்கான் ஃபில்டரை வைக்கிறார்கள். அது கரியைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் தானாகவே எரித்துவிடும்.

அந்தச் சூடு வர வண்டி நிற்காமல் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கழனிக்கு, கழனியிலிருந்து உரக்கடைக்கு என இரண்டு, மூன்று கிலோமீட்டரிலேயே ஓடும் வண்டியில் எரிப்பு தொடங்கும், பாதியில் நின்றுவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும். ஆக, பல வண்டிகளில் கோளாறு ஃபில்டரில் இல்லை, ஓட்டும் முறையில் இருக்கிறது. இன்ஜெக்டர், இ.ஜி.ஆர் வால்வு, பிரஷர் சென்சார், டர்போ ஆகியவற்றில் பழுது இருந்தாலும் ஃபில்டர் அடைக்கும். அந்தப் பழுதைச் சரிசெய்யாமல் புது ஃபில்டர் போட்டால், அதுவும் அடைத்துக்கொள்ளும்.

கழற்றினால் என்ன ஆகும்?

பட்டறையில் உள்ளிருக்கும் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, விளக்கு எரியாதபடி கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாற்றிவிடுவார்கள். எடுத்த பீங்கானில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகப் பூச்சு உண்டு. அதற்குத் தனி விலை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பை விருப்பம்போல மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மாசு விதியை மீறினால், 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் செல்லாது. வாரன்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

புகைச் சான்றிதழிலும் பிடி இறுகுகிறது. புகையின் அடர்த்திக்கான வரம்பு பி.எஸ்-4 டீசல் வண்டிக்கு 1.62. பி.எஸ்-6 வண்டிக்கு 0.7 மட்டுமே. ஃபில்டர் இல்லாத சில வண்டிகள் இந்தப் புகைமானியில் தப்பிவிடலாம். ஆனால், இது நிரந்தரமில்லை. துகள்களையே எண்ணும் கருவியை பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் வண்டிப் பரிசோதனையில் கொண்டுவந்துவிட்டன. அதில் ஃபில்டர் எடுத்த வண்டி சில நொடிகளில் மாட்டிக்கொள்ளும். அதே முறை இங்கும் வந்தால், உடைத்த ஃபில்டரைச் சொந்தச் செலவில் திரும்பப் போட வேண்டியிருக்கும். விற்கப் போனாலும் விலை இறங்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்தது. களத்து மேட்டில் இன்ஜின் ஓடும்போது அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வண்டிக்காரரும் அவர் வீட்டாரும்தான்.

அடைக்காமல் இருக்க...

* வாரம் ஒரு முறையாவது நீண்ட ஓட்டம் தேவை. காஞ்சிபுரம் போகும் வேலையையோ, மதுராந்தகம் வழியாகத் திருச்சி நெடுஞ்சாலையில் போகும் வேலையையோ இதற்கு வைத்துக்கொள்ளலாம். 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் 20, 30 நிமிடங்கள் ஓடினால், பெரும்பாலான வண்டிகளில் கரி எரிந்துவிடும்.
* விளக்கு எரிந்தவுடன் இதைச் செய்ய வேண்டும். விளக்கு மினுக்கினாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போய் ஸ்கேனர் மூலம் எரிக்கச் சொல்லுங்கள்.
* கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த இன்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் மட்டம் ஏறினால் டீசல் கலந்திருக்கலாம். உடனே காட்டுங்கள்.
* டேங்க்கில் டீசலை அடிமட்டத்துக்கு விடாதீர்கள். பல வண்டிகளில் அப்போது எரிப்பு நடக்காது.
* நீண்ட ஓட்டம் முடிந்ததும் வைக்கோல், சருகு மேல் வண்டியை நிறுத்த வேண்டாம். குழாய்ச் சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

எவ்வளவு பார்த்தாலும் நாள் முழுக்கக் குறுகிய தூரம்தான் ஓட்டம் என்றால், அடுத்த முறை பெட்ரோல் அல்லது சி.என்.ஜி வண்டி வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாசகர் கேள்வி: டிராக்டருக்கும் இந்தத் தொல்லை வருமா?

50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய மாசு விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் குறைந்த சக்தி கொண்ட, இப்போது வயலில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் டி.பி.எஃப் கிடையாது. புதிதாகப் பெரிய டிராக்டர் வாங்குவோர், ஃபில்டர் உண்டா, அதற்குப் பராமரிப்பு என்ன என்று டீலரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.