முறிவுக்கு முன்பே தொடங்கும் சேதம்

ஒரு பொருள் நொடியில் முறிந்ததாகத் தோன்றினாலும், அதன் சேதம் பெரும்பாலும் வெகுகாலம் முன்பே தொடங்கியிருக்கும். ஒரு கீறல், உள்ளே சிக்கிய ஒரு துகள், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் என்று அது தொடங்கும் இடம் மிகச் சிறியது.

மாமல்லபுரத்துப் பாறைகளில் கல்தச்சர்கள் வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகளை இன்றும் பார்க்கலாம். பாறை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுவிசைக்கோ எளிதில் பிளந்துவிடும். இறங்கும் ஆப்பு குழியின் இரு சுவர்களையும் விலக்கித் தள்ளும்போது அடிமுனையில் இழுவிசை குவிகிறது. அங்கே பிறக்கும் விரிசல் பக்கத்துக் குழியின் விரிசலோடு சேர, பாறை குழி வரிசையை ஒட்டியே பிளக்கிறது. விசை எங்கே குவியும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த அந்தத் திறமை வியப்புக்குரியது. 1921இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விரிசல் ஓடுவதற்குக் கணக்கு தந்தார். விரிசல் நீளும்போது பொருளிலிருந்து விடுபடும் ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலை எட்டிவிட்டால், அது தானே ஓடத் தொடங்கும். விரிசல் நீளமாக இருக்க இருக்க, அதற்குக் குறைந்த விசையே போதும்.

எஃகு அப்படிச் சட்டென்று பிளக்காது. விரிசல் முனையில் நெகிழ்ந்து, அதை மழுங்கடித்துவிடும். ஆனால் சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், தாங்கக்கூடிய அளவுக்குக் கீழான விசையிலும் பரப்பில் நுண்விரிசல் உண்டாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக நீளும். இது உலோக அயர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிந்தது இதனால்தான்.

வெப்பம் சேர்ந்தால் நிலைமை கடுமையாகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில், 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை என்ற அணு உலையைக் குளிர்விக்கும் திரவச் சோடியம் சுமார் 547 டிகிரி செல்சியஸில் உலைக்கருவை விட்டு வெளியேறும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. கெல்வின் அளவில் பார்த்தால், துருவேறா எஃகின் உருகுநிலையில் இது ஏறக்குறைய பாதி. இந்தச் சூட்டில், மாறாத சுமையிலும் எஃகு மெல்ல நீண்டுகொண்டே போகும். இதுவே ஊர்வு. முதலில் வேகம் தணியும்; பிறகு நெடுங்காலம் ஒரே சீராக நீளும்; கடைசியில் விரைந்து முறியும். இதற்கிடையே, எஃகின் படிகமணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி, பெருத்து, ஒன்றுசேர்கின்றன. சுமை தாங்கும் பரப்பு குறையக் குறைய மீதியுள்ள பரப்பின் மீது தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின் மீதான விசை, கூடுகிறது. கூடிய தகைவு சேதத்தை மேலும் விரைவுபடுத்துகிறது. 1958இல் சோவியத் அறிஞர் கச்சனோவ் இந்தப் பரப்பிழப்பையே சேதத்தின் அளவாகக் கொண்டு சமன்பாடு எழுதினார்.

உலையை நிறுத்தி இயக்கும்போது அயர்வும் ஊர்வும் கூட்டுச் சேர்கின்றன. சோடியம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவதால், அதன் வெப்பநிலை மாற்றம் உடனே எஃகின் பரப்பைத் தாக்கும். பரப்பு விரியவோ சுருங்கவோ முயலும், உட்பகுதி தடுக்கும். அதனால்தான் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் குறைந்த கரிமமும் சற்று நைட்ரஜனும் கொண்ட 316எல்என் எஃகை ஆயிரக்கணக்கான மணி நேரச் சோதனைகளுக்கு உட்படுத்தியது. ஈனுலையின் வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டுகள். அவ்வளவு காலம் காத்திருந்து சோதிக்க முடியாது. ஆகவே கூடுதல் சூட்டிலும் சுமையிலும் மாதிரிகளை முறித்து, அந்த முடிவுகளைக் கொண்டு நெடுங்கால நடத்தையைக் கணிக்கிறார்கள்.

அனல் மின் நிலையங்களின் பழைய நீராவிக் குழாய்களில் ஊர்வுச் சேதத்தை நேரடியாகவே பார்ப்பதுண்டு. குழாயின் பரப்பை மெருகேற்றி, மெல்லிய பிலிமில் அதன் பதிவை எடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். வெற்றிடங்கள் தனித்தனியாக இருந்தால் கண்காணிப்பு போதும். வரிசை கட்டியிருந்தால் அடுத்த சோதனையை முன்கூட்டியே வைக்க வேண்டும். அவை இணைந்து நுண்விரிசல் ஆகியிருந்தால் பயன்பாட்டுக்கு வரம்பு கட்டி, மாற்றுக் குழாய்க்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணுக்கே தெரியும் விரிசல் என்றால் உடனே பழுதுபார்க்க வேண்டும்.